தூண்டில் ஈயக்குண்டு ஊத்துறப்போ ஏன் வெடிக்குது, ஏன் சுருங்குது? எர்ணாவூர் தம்பியோட கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி எர்ணாவூர்லேருந்து வந்திருக்கு. கொஞ்சம் நீளம்தான், முழுசா படிச்சிடுறேன். "அண்ணா, எண்ணூர் முகத்துவாரத்துலயும் தூண்டில் வளைவுக் கல்லு (கடல் அரிப்பைத் தடுக்க கொட்டின கல்லு) மேலயும் நின்னு தூண்டில் போடுறேன். கடையில குண்டு வாங்கி கட்டுப்படி ஆகல. காயிலாங்கடையில ஈயம் வாங்கி மொட்டை மாடியில நானே உருக்கி ஊத்துறேன். லேத்துல கடைஞ்ச ரெண்டு பக்க அலுமினிய அச்சு. குண்டு மேல சுருக்கம் சுருக்கமா வருது, சிலது பாதிதான் ரொம்புது, வெட்டிப் பார்த்தா நடுவுல ஓட்டை. ஒரு தபா படார்னு வெடிச்சு செவுரெல்லாம் தெறிச்சிடுச்சு. மெக்கானிக் கடையில பழைய பேட்டரி சும்மாவே தர்றாங்க, அத உருக்கலாமா? வீட்டுல ரெண்டு சின்னப் பசங்க இருக்காங்க, புகையால எதுனா ஆகுமா?"

சரி தம்பி. வெடிச்சதுலேருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுல கண்ணு போயிடும். சுருக்கத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.

ஈயம் 327 டிகிரியில உருகும். தண்ணி 100ல ஆவியாயிடும், ஆவியானதும் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேக்கும். உருகின ஈயத்துக்கு மேல ஒரு சொட்டு வேர்வை விழுந்தா பெருசா ஒண்ணும் ஆகாது, மேலயே உருண்டு ஓடி காணாமப் போயிடும். அதே சொட்டு ஈயத்துக்கு அடியில மாட்டிக்கிச்சுன்னா, ஆவி வெளிய வர வழியில்லாம மேல இருக்கிற ஈயத்தை மொத்தமா தூக்கி அடிக்கும். நீங்க கேட்ட படார் அதுதான். அதனால உருகின ஈயத்துக்குள்ள முங்கப்போற எதுவா இருந்தாலும், ஈயக்கட்டி, கரண்டி, கசடு வழிக்கிற தகடு, தெர்மாமீட்டர் கம்பி, எல்லாமே காய்ஞ்சு மட்டும் இல்ல, சூடாவும் இருக்கணும். நம்ம பக்கம் காத்துல எந்நேரமும் ஈரம். ராத்திரி வெளிய கிடந்த கரண்டி தொட்டா காய்ஞ்ச மாதிரிதான் தெரியும், நம்பாதீங்க.

இன்னொண்ணு. காயிலாங்கடையில வாங்குற ஈயத்துல பழைய வலையிலேருந்து உருவினது நிறைய கலந்திருக்கும். கயிறைச் சுத்தி மடிச்ச ஈயம், உள்ள நூலு, உப்பு, மண்ணு எல்லாம் அடைஞ்சிருக்கும். உப்பு இருக்கிற வரைக்கும் அது ஈரத்தை இழுத்துக்கிட்டேதான் இருக்கும், ஒரு வாரம் வெயில்ல போட்டாலும் சரி. அந்த மாதிரி ஈயத்தை உருகிக்கிட்டு இருக்கிற வாணலியில தூக்கிப் போடவே கூடாது. அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே ஆறின வாணலியில போட்டு, சின்னத் தீயில ஆரம்பிங்க. ஈரம் ஒவ்வொண்ணா ஆவியாகி வெளிய போயிடும், அதுக்கப்புறம்தான் ஈயம் உருகும். நடுவுல ஈயம் பத்தலேன்னா? அடுப்பை நிறுத்துங்க, மேல கெட்டியா உறையட்டும், அது மேல புதுசை வச்சு மறுபடி சின்னத் தீயில ஏத்துங்க. அப்பவும் மூஞ்சிய நீட்டி எட்டிப் பார்க்காதீங்க. அடி முதல்ல உருகும், மேல மூடியிருக்கிற பாளம் வழியா பீச்சி அடிக்க வாய்ப்பு இருக்கு.

தரையைப் பத்தியும் சொல்லிடுறேன். மொட்டை மாடி தளத்து மேல ஈயம் சிந்தினா காங்கிரீட்டுல இருக்கிற ஈரம் ஆவியாகி சில்லு சில்லா தெறிக்கும். அடுப்புக்கும் அச்சுக்கும் அடியில ஒரு பழைய இரும்பு ட்ரேவுல மணல் பரப்பி வைங்க. கடக்கரை மணல் வேணாம், அதுலயும் உப்பு. ஆத்து மணலோ எம் சாண்டோ எடுத்து வறுத்துட்டுப் போடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துல இந்த வேலையே வேணாம். தூறல் எப்ப விழும்னு யாருக்குத் தெரியும்?

இப்ப பாத்திரம். அடி கனமான வார்ப்பிரும்பு, இல்லேன்னா கனமான இரும்பு. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. அலுமினியம் உருக 660 டிகிரி வேணும்தான், ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே பலம் போயிடும், மேல இருக்கிற எடையை யோசிச்சுப் பாருங்க. ஒரு லிட்டர் ஈயம் 11 கிலோவுக்கு மேல. அரை லிட்டர் வாணலின்னாலும் அஞ்சரை கிலோ, அதைத் தாங்குற அடுப்பு ஸ்டாண்டு இருக்கணும். பித்தளை, செம்பு, ஜிங்க் பூசின ஜி.ஐ. வாளி இதெல்லாம் ஒதுக்கிடுங்க. கைப்பிடியை சால்டர் வச்சு ஒட்டின பாத்திரமும் வேணாம், ஆணி அடிச்சதோ வெல்டிங் வச்சதோ பரவாயில்ல. ஒரு தபா ஈயம் உருக்கின பாத்திரம், கரண்டி எதுவும் திரும்ப சமையலுக்குப் போகக்கூடாது. தேய்ச்சுக் கழுவிட்டேன்னு யார் சொன்னாலும் சரி.

எவ்வளவு சூடு? 370லேருந்து 400 டிகிரி. அதுக்கு மேல தேவையில்லை, மேல போகப் போக கசடு ஜாஸ்தியாகும், 500ஐ நெருங்கினா ஈயப்புகையும் கணக்குல வர ஆரம்பிக்கும். மேல்பரப்பு தங்க நிறம், நீலம், ஊதான்னு கலர் மாறுச்சுன்னா சூடு ஏறிடுச்சு, தீயைக் குறைங்க. அளந்து பார்க்க கே டைப் தெர்மோகப்பிள் வாங்குங்க, கம்பி உறை போட்டது. மல்டிமீட்டரோட கூட வர்ற மெல்லிசான ஒயர் ப்ரோப் பல மாடல்ல 250 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கிற இன்ஃப்ராரெட் மீட்டர் இதுக்கு உதவாது, பளபளன்னு இருக்கிற உலோகத்துல அது ரொம்பக் குறைச்சுக் காட்டும். அதை நம்பித்தான் நிறைய பேர் தீயை ஏத்திக்கிட்டே போறாங்க.

400ஐத் தாண்டாதீங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் ஜிங்க். டயர் கடையில கழட்டின பேலன்ஸ் எடையை ஈயம்னு சொல்லி விப்பாங்க. அதுல ஈயமும் இருக்கும், இரும்பும் இருக்கும், ஜிங்க்கும் இருக்கும். ஜிங்க் உருகுறது 419 டிகிரியில. நீங்க 400க்குள்ள நின்னா அது உருகாம மேல மிதக்கும், வழிச்சு எடுத்துடலாம். தெரியாம உருகிக் கலந்துடுச்சுன்னா ஈயம் மேல ரவைக் கஞ்சி மாதிரி திப்பி திப்பியா நிக்கும், அச்சுக்குள்ள ஓடாது. அதைச் சரி பண்ண முயற்சி பண்றதுல அர்த்தமில்ல, ஒதுக்கி வச்சிடுங்க. முன்னாடியே பிரிக்கிறது சுளுவு. காந்தத்துல ஒட்டினா இரும்பு. தரையில போட்டா ஈயம் டப்புன்னு செத்த சத்தம் போடும், ஜிங்க் டிங்குன்னு கணீர்னு கேக்கும். நகத்தால கீறினா நல்ல ஈயத்துல கோடு விழும். இன்னும் சந்தேகமா இருந்தா பாத்ரூம் கழுவுற ஆசிட் ஒரு சொட்டு விடுங்க, ஜிங்க்னா உடனே நுரைக்கும். சோதிச்ச துண்டைக் கழுவிக் காயவச்சு தனியா வைங்க. பழைய கேபிள் மேல உறையா வர்ற ஈயம் கிடைச்சா அதுதான் ஒசத்தி, மெத்துனு இருக்கும், அழுக்கும் கம்மி.

உருகினதும் மேல சாம்பல் நிறத்துல படியும். உடனே வழிச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுல பாதிக்கு மேல ஈயம்தான் ஒட்டிக்கிட்டு இருக்கும். சுண்டக்கடலை அளவு மெழுகுவத்தித் துண்டு போடுங்க. புகையும், குப்புனு தீயும் பிடிக்கும், தள்ளி நில்லுங்க. அது எரியும்போது சூடான கரண்டியால அடியைச் சுரண்டி ரெண்டு நிமிஷம் கலக்குனா, ஆக்சைடு ஆனதுல ஒரு பங்கு திரும்ப ஈயமா இறங்கிடும், மிச்சம் கறுப்புத் தூளா மேல ஒதுங்கும். அதை மட்டும் மெதுவா அள்ளி மூடி போட்ட இரும்பு டப்பாவுல போடுங்க. இந்தத் தூளைப் பத்தி திரும்ப வர்றேன், ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப உங்க சுருக்கம். நூத்துக்குத் தொண்ணூறு, அச்சு ஆறியிருக்கு. ஈயம் சூடா இருந்தா மட்டும் போதாது, அச்சும் சூடா இருக்கணும். அலுமினியம் சூட்டை வேகமா இழுத்துக்கும், ஈயம் உள்ள போயி எல்லா பக்கமும் பரவுறதுக்குள்ள தோல் தோலா உறைஞ்சு மடியும், அதுதான் சுருக்கம். பாதி ரொம்புறதும் அதே வியாதி. அச்சை அடுப்புப் பக்கத்துல வச்சு முதல்ல காய வைங்க, அப்புறம் முதல் அஞ்சாறு குண்டைக் கணக்குல வைக்காம ஊத்தி ஊத்தி எடுங்க, சூடு தானா ஏறும். அந்தக் குண்டெல்லாம் கடைசியில அடுத்த உருக்கலுக்கு. ஏறிடுச்சான்னு எப்படித் தெரியும்? ஊத்துவாய்ல நிக்கிற ஈயத்தைப் பாருங்க. நடுத்தரமான குண்டுன்னா மூணுலேருந்து அஞ்சு விநாடியில பளபளப்பு போயி உறையணும். ஊத்தின உடனே உறைஞ்சா அச்சு ஆறியிருக்கு. பத்து விநாடி ஆகியும் உறையலேன்னா, குண்டு மேல வெளிறி சொரசொரன்னு வந்தா, அச்சு ரொம்பச் சூடு, ஒரு நிமிஷம் திறந்து வைங்க. தண்ணியில முக்கி ஆத்துற வேலை வேணவே வேணாம்.

அச்சு சூடா இருந்தும் ஒரே இடத்துல மட்டும் ரொம்பலேன்னா, அங்க காத்து மாட்டியிருக்கு. ரெண்டு பாதியும் சேர்ற முகத்துல, குழியிலேருந்து வெளி விளிம்பு வரைக்கும் ஹாக்ஸா பிளேடு முனையால மெல்லிசா ரெண்டு மூணு கோடு கீறிவிடுங்க. 0.1, 0.2 மில்லி ஆழம் போதும். ஆழமாப் போனா காத்துக்குப் பதிலா ஈயம் அது வழியா ஓடிப் பிசிறா நிக்கும். லேத்துக்காரர் விட்ட எண்ணெய்ப் பசையும் ஒரு காரணம், சோப்புத்தண்ணியில கழுவி நல்லா காயவச்சு சூடு பண்ணுங்க. அப்புறம் மெழுகுவத்திப் புகையை உள்பக்கம் கறுப்பா மெல்லிசா பிடிக்க விட்டா குண்டு ஒட்டாம விழும்.

நடுவுல ஓட்டை வேற விஷயம். ஈயம் உறையும்போது மூணரை சதவீதம் சுருங்கும். வெளித்தோல் முதல்ல உறைஞ்சிடும், நடுவுல இருக்கிறது கடைசியில சுருங்கும்போது அதுக்கு மேலேருந்து ஈயம் இறங்கணும். உங்க ஊத்துவாய் குறுகலா இருந்தா அதுதான் முதல்ல அடைச்சுக்கும், உள்ள குழி விழுந்துடும். ஊத்துவாயை மேல புனல் வடிவத்துல அகலமா பண்ணச் சொல்லுங்க. ஊத்தும்போது சொட்டுச் சொட்டா விடாம ஒரே ஓட்டமா ஊத்தி, மேல கொஞ்சம் குவிஞ்சு நிக்கிற மாதிரி விடுங்க. பெரிய குண்டுல அது உள்ள இறங்குறதக் கண்ணாலயே பார்க்கலாம், இறங்கினா இன்னும் கொஞ்சம் விடணும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுன்னு யாராவது சொன்னா, அது எடையில 21 சதவீதம் தண்ணி. பார்க்க காய்ஞ்சிருக்கும், தண்ணி உள்ள பிணைஞ்சு கிடக்கும். 400 டிகிரி ஈயம் பட்டா வெளிய வரும். அலுமினியம் இருக்கும்போது அது எதுக்கு?

தூண்டில் நரம்பு (நைலான் இழை) கோக்க ஓட்டை வேணும்னா அச்சுல 2 மில்லி ஸ்டெயின்லெஸ் கம்பி குறுக்கே வச்சு, அதுக்கும் புகை பிடிச்சு, குண்டு உறைஞ்சதும் சூடு இருக்கும்போதே இடுக்கியால திருகி உருவுங்க. ஜி.ஐ. கம்பி போட்டா மேல இருக்கிற ஜிங்க் பூச்சோட ஈயம் ஒட்டிக்கிட்டு வராது.

எடைக்கு லேத்துக்காரர்கிட்ட என்ன அளவு சொல்லணும்? உருண்டை விட்டம் 1 சென்டிமீட்டர்னா 6 கிராம், ஒன்றரைன்னா 20 கிராம், 2ன்னா 47, இரண்டரைன்னா 93, 3ன்னா 160. விட்டம் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்கு, அதனால அரை சென்டிமீட்டர் தப்பு பெரிய தப்பு. 2 மில்லி ஓட்டை போட்டா 2 சென்டிமீட்டர் குண்டுல ஒரு கிராம் கூடக் குறையாது, அதை விட்டுடுங்க. மணல்ல நிக்க உருண்டையை விட பிரமிடு வடிவம் நல்லா பிடிக்கும், உருண்டை அலையோட உருண்டு கரைக்கே வந்துடும்.

இப்ப பசங்க விஷயம். நீங்க புகைக்குப் பயப்படுறீங்க. பயப்பட வேண்டியது முதல்ல தூளுக்கு. 400 டிகிரியில ஈயம் ஆவியா போறது ரொம்பக் கொஞ்சம், அதுவும் வெட்டவெளி. ஆனா அந்தக் கசட்டுத் தூள் இருக்கே, மாவா இருக்கும், கையில ஒட்டும், சட்டையில படியும், செருப்போட வீட்டுக்குள்ள வரும், தரையில தவழுற குழந்தை கைவழியா வாய்க்குப் போகும். பெரியவங்க வயித்துல போறதை விட குழந்தைங்க உடம்பு 4, 5 மடங்கு ஈயத்தை உறிஞ்சும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இவ்வளவு வரைக்கும் ஆபத்தில்லைன்னு ஒரு அளவே கிடையாதுங்கிறதும் அவங்க சொல்றதுதான். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், உள்ள போனது எலும்புல வருஷக்கணக்கா தங்கும்.

அதனால பசங்களோ கர்ப்பமா இருக்கிறவங்களோ அந்த மாடிக்கே வரக்கூடாது. துணி காயப் போடுற கொடி, வத்தல் வடாம் காயுற இடம், திறந்த தண்ணித் தொட்டி இருந்தா அந்த மாடி இதுக்கு ஆகாது. காலையில காத்து பெரும்பாலும் நிலத்துலேருந்து கடல் பக்கம் போகும், அப்ப முடிச்சிடுங்க. மதியத்துக்கு மேல கடல்காத்து திரும்பினா எல்லாம் தெருவுக்குள்ளதான் வரும். முழுக்கை காட்டன் சட்டை, பேன்ட்டை ஷூவுக்கு வெளிய விட்டுக்கோங்க, தோல் கையுறை, முகத்துக்கு ஷீல்டு. பாலியஸ்டர் உருகி ஒட்டிக்கும், ரப்பர் செருப்பு பேச்சே இல்ல. துணி மாஸ்க் கணக்குல வராது. வேலை நடுவுல டீ, பீடி, பான் எதுவும் கூடாது. முடிஞ்சு எல்லாம் நல்லா ஆறினப்புறம் ஈரத்துணியால துடைங்க, துடைப்பத்தால பெருக்கினா தூள் பறக்கும். சட்டையை மாடியிலயே கழட்டி தனியா துவைங்க, குளிச்சிட்டுப் பசங்களைத் தூக்குங்க. கசட்டு டப்பாவைக் கால்வாயில கொட்டாதீங்க, வீட்டு ஆபத்துக் கழிவுன்னு சொல்லி தனியா ஒப்படைங்க. குண்டைப் பல்லால கடிச்சு இறுக்குற பழக்கம் நம்மாளுங்க நிறைய பேருக்கு இருக்கு, அதையும் விடுங்க. இதுவரைக்கும் ஜாக்கிரதை இல்லாம செஞ்சிருந்தீங்கன்னா, டாக்டர்கிட்ட சொல்லி பசங்களுக்கு ரத்தத்துல ஈய அளவு ஒரு தபா பார்த்துடுங்க.

பேட்டரி? தொடாதீங்க. சும்மா தர்றாங்கன்னா அதுக்கு காரணம் இருக்கு. உள்ள இருக்கிற தட்டு பாதிக்கு மேல உலோகமே இல்ல, ஈய சல்பேட்டும் ஆக்சைடும் கலந்த பசை. கந்தக அமிலம் வேற. ஆன்டிமனி, சிலதுல ஆர்சனிக், கால்சியம் கலந்த ஈயம். அதை உருக்கினா வர்ற கசட்டுல தண்ணி பட்டா ஆர்சின், ஸ்டிபின்னு ரெண்டு வாயு வரலாம், ரெண்டும் கொல்லும். ஆப்பிரிக்காவுல செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் ஓரம் தியாராய்னு ஒரு கடலோரக் குடியிருப்பு. அங்க பழைய பேட்டரி ஈயத்தை மண்ணுலேருந்து சலிச்சு எடுத்து வித்தாங்க. 2007 நவம்பர்லேருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 குழந்தைங்க செத்துப் போச்சு. இங்கயும் 2022 பேட்டரி கழிவு விதி இருக்கு, பழசைக் கடையில திருப்பிக் கொடுக்கணும், வீட்டுல உடைக்கக்கூடாது.

இதே மாதிரி அச்சுல நாட்டுத் துப்பாக்கிக்குக் குண்டு வார்க்கலாமான்னு வேற ஒருத்தர் கேட்டிருக்காரு. 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க லைசென்ஸ் வேணும், இல்லாம செஞ்சா கேஸ். அதுக்கு இங்க பதில் கிடையாது.

கடைசியா தம்பி, தூண்டில் வளைவுக் கல்லுல நின்னு போடுறேன்னு சொன்னீங்க. அங்க குண்டு கல்லிடுக்குல மாட்டி அறுந்து போறதுதான் ஜாஸ்தி. அந்த இடத்துக்கு ஈயமே வேணாம், பழைய இரும்பு நட்டு போதும். இரும்பு ஈயத்தை விட லேசு, அதே எடைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பருமன் வரும், எறியுற தூரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மெயின் நரம்பு 0.40 மில்லின்னா நட்டை 0.25 மில்லி நரம்புல தனியா கட்டித் தொங்க விடுங்க. மாட்டினா அந்த மெல்லிசு அறுந்து நட்டு மட்டும் போகும், முள்ளும் மீனும் கைக்கு வரும். ஈயக்குண்டை முகத்துவாரத்து மணலுக்கு வச்சுக்கோங்க.